உங்களுக்குத் தெரியுமா? பிறந்த தேதி நடத்திய பரிசோதனை

● சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் வாரம் ஒரு ஊசி என்று உலகம் முழுக்கப் பேசப்படும் மருந்துகளின் பூர்வீகத்தில் ஒரு பல்லி இருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் வாழும் நச்சுப்பல்லி. பெயர் ஹீலா மான்ஸ்டர். வருடம் முழுக்க விரல்விட்டு எண்ணும் வேளைகளே சாப்பிடும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவர் ஜான் எங் அதன் விஷத்திலிருந்து எக்ஸெண்டின்-4 என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் போலவே அதுவும் இன்சுலினைத் தூண்டியது. நம்முடையது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். பல்லியுடையது மணிக்கணக்கில் தாங்கியது. அதை வைத்து உருவான எக்ஸெனடைட் ஊசிக்கு 2005-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ஆனால் ‘பல்லி எச்சிலில் செய்த எடைக் குறைப்பு ஊசி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதிதான் உண்மை. இன்று பிரபலமாக இருக்கும் செமாக்ளுடைடில் பல்லிச் சரக்கு எதுவும் இல்லை. மனித ஹார்மோனையே லேசாக மாற்றி, அதில் ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வால் இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் மருந்து ஒரு வாரம் நிற்கிறது. பல்லி செய்த உபகாரம் வேறு: இந்த ஹார்மோனை நீண்ட நேரம் தாங்கவைக்க முடியும், அது மருந்தாகும் என்று முதலில் காட்டிக்கொடுத்தது.

● பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1933 செப்டம்பர் 1-ஆம் தேதி பிறந்தவருக்கும் மறுநாள் பிறந்தவருக்கும் என்ன வித்தியாசம்? ஜாதகக்காரரைக் கேட்டால் நட்சத்திரம் என்பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்ஸர் குழுவினர் சொன்ன பதில், மறதி நோய்.

நடந்தது இதுதான். வேல்ஸ் அரசு 2013 செப்டம்பர் 1 முதல் முதியவர்களுக்கு அக்கி தடுப்பூசி போட ஆரம்பித்தது. எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதாது என்பதால் ஒரு கோடு கிழித்தார்கள். அன்றைக்கு 80 வயது நிறைந்துவிட்டவர்களுக்கு இனி எப்போதும் கிடையாது. 79-இல் இருப்பவர்களுக்கு உண்டு. அதாவது, ஒரு நாள் முந்திப் பிறந்தவருக்கு வாசல் மூடிவிட்டது. அரசு நிர்வாகத்தில் இது ஒரு சாதாரண வயது வரம்பு. ஆராய்ச்சியாளர்களுக்கோ கோடி கொடுத்தாலும் கிடைக்காத பரிசோதனை.

ஏன் என்றால், தடுப்பூசி போட்டவர்களையும் போடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தேடிப்போய் ஊசி போட்டுக்கொள்பவர் நடைப்பயிற்சி போவார், உப்பைக் குறைப்பார், மருத்துவரைப் பார்ப்பார். அவருக்கு மறதி நோய் குறைவாக வந்தால் அது ஊசியின் பலனா, பழக்கத்தின் பலனா? ஆனால் ஒரே வாரத்தில் முன்பின்னாகப் பிறந்தவர்களிடையே சாப்பாட்டிலோ படிப்பிலோ வசதியிலோ பொதுவான வேறுபாடு இருக்கக் காரணமே இல்லை. இருந்த ஒரே வேறுபாடு ஊசிதான்: கோட்டுக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட யாருமே போட்டுக்கொள்ளவில்லை, இந்தப் பக்கம் ஏறக்குறையப் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். 2.8 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை அலசிய அந்த ஆய்வு 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் வருவது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் இன்னும் தெளிவு. ஆஸ்திரேலியாவிலும் இதேபோன்ற ஒரு வயது வரம்பை வைத்துப் பார்த்தபோது அதே திசையில் விடை வந்தது.

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் நரம்புகளில் பல்லாண்டு பதுங்கியிருந்து முதுமையில் அக்கியாக வெளிவருகிறது. அந்தக் கிருமி மறுபடி தலைதூக்குவது மூளையைப் பாதிக்கிறதா, அல்லது ஊசியே உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகத் தட்டியெழுப்புகிறதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. இந்தக் கணக்கில் வருவது பழைய வகை ஊசி, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியில் செய்தது. இப்போது பல நாடுகளில் போடுவது வேறு வகை. அக்கிக்குக் குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் இந்தச் செய்தியைக் கவனிக்கலாம்.

● எச்ஐவி தடுப்புக்கான லெனகாபவிர் ஊசியை ஆண்டுக்கு இரண்டே முறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2024-இல் இந்த முடிவு வெளியானபோது பலர் எண்ணில் அச்சுப்பிழை இருக்குமோ என்று நினைத்திருக்கக்கூடும். விலை விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம்.

● விழித்திரைப் புகைப்படத்தைப் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று எந்தக் கண் மருத்துவராலும் சொல்ல முடியாது. 2018-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் பயிற்றுவித்த ஒரு ஏஐ மென்பொருள் அதை அநேகமாகத் தப்பாமல் சொன்னது. வயதையும் சராசரியாக மூன்று நான்கு வருட வித்தியாசத்துக்குள் கணித்தது. அந்தப் படங்களில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் அடையாளம் ஏதோ இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக விழித்திரையை உற்றுப்பார்த்த மனிதக் கண்ணுக்கு அது படவில்லை.

இந்த வரிசை ஆய்வுகளின் நோக்கம் ஆண்-பெண் கண்டுபிடிப்பதல்ல. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை முன்கூட்டியே கண்டறிவதற்கே ஆரம்பித்தார்கள். அதற்கான 1,28,000 பயிற்சிப் படங்களில் ஒரு பகுதி நம்மூர் சரக்கு: மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டும் பங்களித்தன. பிறகு இந்த இரண்டு மருத்துவமனைகளிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற நிபுணர்களுக்குச் சமமாக மென்பொருள் நின்றது.

அப்புறம் தாய்லாந்துக்குப் போனார்கள். அங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. கிராமப்புறங்கள் உள்ளிட்ட 11 சுகாதார நிலையங்களில், செவிலியர்கள் படம் எடுத்து அனுப்பினால் உடனே விடை வரும் என்பது ஏற்பாடு. எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றை மென்பொருள் ‘தெளிவில்லை’ என்று தள்ளிவிட்டது. காரணம் எளிது. கண் படம் எடுக்க இருட்டறை வேண்டும். பல நிலையங்களில் அப்படி ஓர் அறையே இல்லை. இணையம் மந்தம், படம் போய்ச்சேர நேரமாகும், வரிசை நீளும். படம் தள்ளப்பட்ட நோயாளியிடம், இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தூரத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் மறைக்காமல் 2020-இல் கூகுள் குழுவே கட்டுரையாக எழுதியது பாராட்டத்தக்கது. ஜன்னலுக்கு ஒரு கறுப்புத்திரை வாங்கிப்போடுவது யார் பட்ஜெட்டில் வரும் என்பதை எந்தக் கணினியும் கணிக்காது.

● தோல் புற்றுநோயை அடையாளம் காணப் பழக்கிய ஒரு ஏஐ, படத்தில் ஸ்கேல் இருந்தால் ‘புற்றுநோய்’ என்று சொல்லும் சாய்வைக் காட்டியது. மருத்துவர்கள் சந்தேகத்துக்குரிய மச்சத்தை மட்டும்தானே அளந்து படம் எடுப்பார்கள்! கொரோனா காலத்தில் இதைவிட வேடிக்கை. ‘நோய் இல்லாத நுரையீரல்’ என்று சிலர் பயன்படுத்திய எக்ஸ்ரே படங்கள் குழந்தைகளுடையவை. மென்பொருள் கற்றுக்கொண்டது கொரோனாவையா, குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசத்தையா? 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் இத்தகைய 62 ஆய்வுகளை வரிசையாக ஆராய்ந்ததில், மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை.

● புரதங்களின் வடிவத்தைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்கள். மறுபாதி டேவிட் பேக்கருக்கு. 2022-லேயே 20 கோடிக்கும் அதிகமான புரத வடிவங்களை அந்த மென்பொருள் கணித்து வைத்துவிட்டது. சோதனைச்சாலையில், பெரும்பாலும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, மனிதர்கள் அரை நூற்றாண்டில் கண்டறிந்தவை சுமார் இரண்டு லட்சம்.

ஒரு வடிவம் நம்பத்தகுந்ததா என்று உரசிப் பார்க்க இன்றும் உலகெங்கும் போடும் வரைபடத்தின் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்டது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டுப் படமாக்கினார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலுக்கும் எலும்புக்கும் வலு தரும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று சொன்னபோது, அவர்களுக்குக் கொலாஜன் கிடைத்தது பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில்: கங்காரு வால் தசைநார்!

ஆல்ஃபாஃபோல்டிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம், தனக்குத் தெரியாததை ஒத்துக்கொள்வது. நிச்சயமான பகுதிகளைக் கருநீலத்திலும் சந்தேகமானவற்றை ஆரஞ்சிலும் காட்டும். சில புரதங்களில் ஆரஞ்சு நாடா அவிழ்ந்த நூலாகத் தொங்கும். பெரும்பாலும் அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது என்று அர்த்தம்.

● 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 வந்தது. அறை வெப்பநிலையில், எந்த அழுத்தமும் இல்லாமல், மின்தடையே இன்றி மின்சாரம் கடத்தும் பொருள், அதாவது மீக்கடத்தி என்றார்கள். காந்தத்தின்மேல் ஒரு கறுப்புத் துணுக்கு அரைகுறையாக எழும்பி நிற்கும் வீடியோவை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். செய்முறை எளிது: ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஒரு உலை. எனவே பல நாடுகளில் உடனே செய்து பார்த்தார்கள். டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் முதலில் செய்து பார்த்த இடங்களுள் ஒன்று. அவர்கள் கையில் அது மீக்கடத்தியாக நடந்துகொள்ளவில்லை.

குட்டு வெளிப்பட்ட விதம்தான் சுவாரசியம். எல்கே-99 செய்யும்போது தாமிர சல்ஃபைடு கழிவாகச் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தாமிர சல்ஃபைடு 104 டிகிரி செல்சியஸை ஒட்டி உருமாறும். அப்போது அதன் மின்தடை சட்டென்று மாறும். கொரியக் குழுவினர் மின்தடை விழுந்ததாகச் சொன்ன வெப்பநிலையும் அதை ஒட்டியதே. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்படமில்லாத படிகமாக வளர்த்தபோது கிடைத்தது, ஒளி ஊடுருவும் ஊதா நிறக் கல். மின்சாரத்தைக் கடத்துவதற்குப் பதில் தடுத்தது. அறிவிப்பு வந்து மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. இதைத் தோல்வி என்கிறவர்கள் உண்டு. அறிவியல் இவ்வளவு வேகமாகத் தன்னைச் சரிபார்த்துக்கொண்ட சந்தர்ப்பம் குறைவு என்பேன்.

● அதே ஆண்டு நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்ததாக அறிவித்தது. அவற்றில் 3,80,000 நிலையானவை. அதே சமயம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் ரோபோ கைகளே கலந்து, சுட்டு, சோதிக்கும் ‘ஏ-லேப்’, 17 நாளில் 41 புதுப் பொருள்களைச் செய்ததாகச் சொன்னது. செய்த பொடிகளின் எக்ஸ்ரே தரவை லண்டனிலும் பிரின்ஸ்டனிலும் இருந்த வேதியியலாளர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். புதுப் பொருள் என்று ஒன்றும் தேறவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. பல ஏற்கெனவே தெரிந்த சேர்மங்கள். 3,80,000 பட்டியலையும் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் இரண்டு மூத்த பொருளறிவியலாளர்கள் புரட்டினார்கள். புரோமீத்தியம், ஆக்டினியம் போன்ற கிடைப்பதற்கே அரிதான கதிரியக்கத் தனிமங்கள் கலந்தவை அதில் ஆயிரக்கணக்கில் இருந்தன. காகிதத்தில் நிலையானவைதான், ஆனால் யார் வாங்கி, எங்கே வைத்துச் செய்வது?

● ரோமாபுரிக் காங்கிரீட் இரண்டாயிரம் ஆண்டு நிற்பதற்கு எரிமலைச் சாம்பல் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கலவையில் கடுகளவில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகளும் தெரியும். கொத்தனார் சரியாகக் கலக்காமல் விட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். எம்ஐடியின் அட்மிர் மாசிச்சுக்கு இது உறுத்தியது: இவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள் கலவையில் மட்டும் ஏன் அசட்டையாக இருக்க வேண்டும்?

அவர் குழு 2023 ஜனவரியில் சொன்ன விளக்கம்: நீற்றிய சுண்ணாம்புக்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, சுட்ட சுண்ணாம்பையே நேரடியாகக் கலந்திருக்கிறார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் உருவான கட்டிகள் கலவைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பின்னால் சுவரில் விரிசல் விட்டு மழைநீர் இறங்கினால், சுண்ணாம்பு கரைந்து, மறுபடி இறுகி, விரிசலை அடைத்துவிடும். சோதனைக்கு, அதே முறையில் கட்டி வார்த்து, உடைத்து, விரிசல் வழியே தண்ணீரை ஓடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒழுகல் நின்றது. சுட்ட சுண்ணாம்பு சேர்க்காத கட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த நம்மூர்ச் சுண்ணாம்புச் சாந்துக்கும் இப்படி ஒரு விரிசல் சோதனை வைத்துப் பார்க்க ஆசை.

● ஒரு புதிருக்கு விடை கிடைத்து அது மருந்தாக 36 ஆண்டுகள் பிடித்தது என்று சொல்லலாம். 1987-இல் ஒசாகாவில் யோஷிசுமி இஷினோ ஒரு பாக்டீரியாவின் மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் வினோத வரிசைகளைப் பார்த்தார், எதற்கென்று விளங்கவில்லை. விடை கிடைத்தது தயிர்க்காரர்களுக்கு. தயிர், பாலாடைக்கட்டி செய்ய உறை பாக்டீரியா விற்ற டானிஸ்கோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள், வைரஸ் தாக்கி உறை கெட்டுப்போகாமல் காப்பது இந்த வரிசைகளே என்று 2007-இல் நிரூபித்தார்கள். அதுதான் கிரிஸ்பர், பின்னாளில் மரபணுவைத் திருத்தும் கருவியானது. 2023 நவம்பரில் அரிவாள் செல் சோகைக்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சைக்குப் பிரிட்டன் அனுமதி தந்தது.

2025-இல் இன்னும் ஒரு படி. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், புரதம் செரித்த கழிவான அம்மோனியாவை ஈரலால் வெளியேற்ற முடியாத ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் மரபணுவில் இருந்த பிழைக்கென்றே ஒரு மருந்தை ஆறு மாதத்தில் தயாரித்து, கொழுப்புத் துகளில் அடைத்து, இரத்தத்தில் ஏற்றினார்கள். மூன்று தவணைக்குப் பின் குழந்தையால் முன்னைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது. உலகில் வேறு யாருக்கும் அந்த மருந்து பயன்படாமல் போகலாம். மருந்துச் சட்டங்கள் பொதுவாகப் பலரிடம் சோதித்துப் பார் என்று சொல்லும்போது, ஒரே ஒருவருக்கான மருந்தை எப்படி அனுமதிப்பது என்பது அமெரிக்க அதிகாரிகளுக்குத் தலைவலியானது.

● 2025 வேதியியல் நோபல் எம்ஓஎஃப் என்ற பொருள்களுக்கு. உலோக அணுக்களைக் கணுவாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பாகவும் வைத்துக் கட்டிய சாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாம் வெற்றிடம். சில கிராம் பொடியின் உட்பரப்பை விரித்தால் கால்பந்து மைதானமே நிறையும். பரிசு பெற்ற மூவரில் ரிச்சர்ட் ராப்சனுக்கு இந்த யோசனை 1974-இல் மெல்போர்னில் மாணவர்களுக்கு மர உருண்டைகளில் மூலக்கூறு மாதிரி செய்துகொடுத்தபோது வந்தது. ஒமர் யாகி ஜோர்டானின் அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். அவர் குழு அரிசோனா பாலைவனத்தில் எம்ஓஎஃப் பொடியை இரவில் திறந்து வைத்து, காற்றின் ஈரத்தைப் பிடித்து, பகல் வெயிலில் தண்ணீராக இறக்கிக் காட்டியது.

● பெரோவ்ஸ்கைட் சூரியத்தகடு 2009-இல் ஜப்பானில் அறிமுகமானபோது வெயிலில் 3.8 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக்கியது. இன்று சிலிக்கானோடு அடுக்கி ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. நம் மொட்டைமாடியில் இரண்டுமே தாராளம்.

● ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில், எக்ஸ்ரேயை ஏஐ முதலில் தரம் பிரித்துத் தந்ததால் மருத்துவர்களின் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோய் கண்டுபிடிப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. போலந்தில் வேறு கதை. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் ஏஐ உதவிக்குப் பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்த்தபோது புற்றுக்கு முந்தைய கட்டிகளைக் கண்டுபிடித்தது 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியது என்கிறது 2025 ஆகஸ்டில் வந்த ஆய்வு. பல ஆண்டுப் பழக்கம் சில மாதத்தில் தேய்ந்ததா, அன்றைக்குக் கூட்டம் அதிகமா என்று இந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பயிற்சி மருத்துவர்களின் கையில் இந்தக் கருவியை முதல் நாளே கொடுக்கலாமா என்று கல்லூரிகள் யோசித்தாக வேண்டும்.

● லெனகாபவிர் விலை: அமெரிக்காவில் பட்டியல் விலை ஒருவருக்கு ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். 2027 முதல் 120 ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். தயாரிக்கப்போகும் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ இரண்டும் ஹைதராபாத் நிறுவனங்கள்.